டச்சு படிக்கத் தெரியாதவனுக்கு ஹேக் டிக்கெட் எதுக்கு? டானாப் ஃபெல்லோஷிப், ஒரு நிகழ்வு ஆய்வு

அஸ்திரப்பா செட்டின்னு ஒருத்தர். 1600களோட முதல் முப்பது வருஷத்துப் பழவேற்காட்டு டச்சுக் காகிதங்கள்ல இந்தப் பேரு திரும்பத் திரும்ப வரும், துணி வாங்கித் தர்றது, அரசவைல போய்ப் பேசறது, சொந்தமா கப்பல் விடறதுன்னு எல்லாத்துலயும் மனுஷனோட கை இருக்கும். ஒரு டச்சு ஆவணக் காப்பாளர் இத அட்டவணைல அப்படியே அஸ்திரப்பான்னு ஏத்திட்டுப் போயிடுவார், அவரச் சொல்லிக் குத்தமில்ல. நம்ம கடற்கரைக்காரன் ஒருத்தன் வாய்விட்டு ரெண்டு தடவ படிச்சான்னா போதும், அட இது அச்சுதப்ப செட்டிடான்னு சட்டுனு பிடிபட்டுடும். ஆனா அவன் அந்தப் பக்கத்துக்கு முன்னாடி போய் உக்காரணுமே. விசா, டிக்கெட், தங்க இடம், எல்லாத்துக்கும் மேல நானூறு வருஷத்துக்கு முந்தைய டச்சுக் கையெழுத்து.

குளோபல் ஹிஸ்டரி பண்றவங்களுக்குக் கொடுக்கிற விசிட்டிங் ஃபெல்லோஷிப்புகளப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். வர்ற அறிவிப்பெல்லாம் படிச்சா ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும்: மூணு மாசத்துல இருந்து ஒரு வருஷம், மாசாமாசம் உதவித்தொகை, ஒரு மேசை, லைப்ரரி கார்டு, வாரம் ஒரு செமினார், கிளம்பறதுக்கு முன்னாடி நீங்க ஒரு பேப்பர் வாசிக்கணும், அவ்ளோதான். கிளாஸ் எடுக்கத் தேவையில்லங்கிறதே நம்ம ஊர் உதவிப் பேராசிரியருக்கு சொர்க்கம், அத நான் குறைச்சு சொல்லல. ஆனா இதுல ஒன்னுகிட்ட மட்டும் நான் நின்னு பார்த்தேன், ஏன்னா அது கேட்ட கேள்வியே வேற. நெதர்லாந்து லெய்டன் பல்கலைக்கழகத்துல 2000-ல தொடங்கின டானாப் (TANAP). கூட்டுறவோட புதுக் காலத்த நோக்கின்னு அர்த்தம் வர்ற நீளமான பேர், யாரும் முழுசா சொல்ல மாட்டாங்க.

கறாராப் பார்த்தா இது விசிட்டிங் ஃபெல்லோஷிப்பே கிடையாது, பிஎச்டி வரைக்கும் போற திட்டம். ஆனா வெளிநாட்டு வரலாற்று ஆய்வாளரக் கூப்பிட்டு என்ன கொடுத்து அனுப்பணும்ங்கிற கேள்விக்கு இத விட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

பிரச்சினை எங்க ஆரம்பிச்சது

விஓசி. உடனே கப்பலோட்டிய தமிழன் ஞாபகம் வரும், தூத்துக்குடி வேற ரெண்டு பேருக்கும் பொது, ஆனா நான் சொல்றது 1602-ல ஆரம்பிச்ச டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி. கேப் டவுன்ல இருந்து ஜப்பான் வரைக்கும் கடை விரிச்சிருந்தவங்க, நம்ம பக்கம் பழவேற்காட்டுல கெல்டிரியா கோட்டை, 1658-ல போர்ச்சுகீசியர்கிட்ட இருந்து பிடிச்ச நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், 1663-ல கொச்சி. கம்பெனி கொடுமையும் பண்ணுச்சு, அடிமை வியாபாரமும் பண்ணுச்சு, ஆனா எல்லாத்தையும் எழுதி வெச்சுது. அரிசி விலை, ராஜா அனுப்பின தூது, எந்த நெசவாளி ஊரை விட்டுப் போனான், பஞ்சத்துல எத்தன பேர் தங்களையே வித்துக்கிட்டாங்க, எல்லாம்.

அந்தக் காகிதம் மொத்தம் சுமார் 2.5 கோடிப் பக்கம் இன்னைக்கு மிஞ்சி இருக்கு. நெதர்லாந்து ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, கேப் டவுன், அப்புறம் நம்ம சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம். ஹேக்ல இருக்கிறத மட்டும் வரிசையா அடுக்கினா சுமார் 1.2 கிலோமீட்டர் வரும். 2003-ல அஞ்சு நாடும் சேர்ந்து கேட்டு யுனெஸ்கோவோட உலக நினைவுப் பதிவேட்டுல ஏத்தினாங்க.

இதுல ஒரு விசேஷம், எழும்பூர்ல இருக்கிற டச்சு ஆவணங்கள்ல பெரும்பகுதி கொச்சில இருந்து வந்தது, மலபார்ப் பக்கத்து சமாச்சாரம். நாகப்பட்டினத்துக்காரன் தன் ஊரப் பத்திப் படிக்கணும்னா அவன் ஹேக்குக்குத் தான் போகணும், ஏன்னா நாகப்பட்டினத்துல எழுதினது நகலாகி பட்டாவியாவுக்கு, அதாவது இன்னைக்கு ஜகார்த்தாவுக்குப் போகும், அங்க இருந்து மறுபடி நகலாகி ஹாலந்துக்குக் கப்பல் ஏறும், 'வந்து சேர்ந்த கடிதங்களும் காகிதங்களும்'னு அந்தத் தொகுப்புக்கே பேரு. எழும்பூர்ல இருந்து நாகப்பட்டினம் ஒரு ராத்திரி பயணம், அந்த ஊரோட காகிதம் மட்டும் வட கடல் ஓரத்துல.

இத வாசிக்க ஆள் இருந்தாங்களான்னா, இருந்தாங்க, விரல் விட்டு எண்ற அளவுக்கு. கோரமண்டலப் பத்தி தபன் ராய்சௌத்ரி 1962-ல புத்தகம் போட்டார், வங்காளத்துக்கு ஓம் பிரகாஷ், மலபாருக்கு அசின் தாஸ் குப்தா. யாழ்ப்பாணத்துக்காரரான சின்னப்பா அரசரத்தினம் லண்டன்ல ஆய்வு பண்ணி, இலங்கைல டச்சு அதிகாரம் பத்தி 1958-லயே புத்தகம் கொண்டு வந்தார், அப்புறம் மலேயாவுல வாத்தியார் வேல, கடைசில ஆஸ்திரேலியாவுல ஆர்மிடேல். சோழமண்டலக் கடற்கரை வியாபாரிகளப் பத்தி இன்னைக்கு யார் பேசினாலும் அவர் தோள்ல ஏறித் தான் பேசணும். ஆனா இவங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா, அவங்கவங்க பிடிவாதத்துல டச்சு கத்துக்கிட்டவங்க. ஆளு போனா அந்த வித்தையும் கூடவே போச்சு. 1990கள்ல ஆசியா முழுக்க இதே கதை தான், அலமாரி நிறைய காகிதம், படிக்க ஆள் இல்ல. அப்ப டச்சு மூலத்த வெச்சு ஆசிய வரலாறு எழுதறது யாருன்னு பார்த்தா பெரும்பாலும் ஐரோப்பியர் தான்.

லெய்டன்ல என்ன பண்ணாங்க

இதுக்கு முன்கை எடுத்தவர் லெனர்ட் புளூசே, அப்ப லெய்டன்ல ஆசிய ஐரோப்பிய உறவு வரலாற்றுப் பேராசிரியர், சீனா, பட்டாவியா பத்தியெல்லாம் எழுதினவர். 2002-ல விஓசி தொடங்கி 400 வருஷம், அதுக்கு ஒரு விழா எடுத்து மெடல் அடிச்சிட்டு விட்டிருக்கலாம். இவங்க ரெண்டு வேலை சேர்த்துப் பண்ணாங்க. ஒன்னு, ஹேக் தேசிய ஆவணக் காப்பகத்தோட சேர்ந்து, எந்த ஊர்ல எந்தக் கட்டு இருக்குங்கிற பட்டியல்கள ஒழுங்குபடுத்தி இணையத்துல போடறது. இன்னொன்னு, அந்தக் காகிதத்துக்குச் சொந்தமான ஊர்கள்ல இருந்து இளம் ஆய்வாளர்களக் கூட்டிட்டு வர்றது. இந்தியா, இலங்கை, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம், சீனா, ஜப்பான், தென்னாப்பிரிக்கான்னு வந்தாங்க.

வந்தவங்களுக்கு உடனே ஆர்க்கைவ்ஸ் சாவியக் குடுக்கல. முதல்ல டச்சு. எழுத்துக்கூட்டிப் படிக்கிறதுல இருந்து. அப்புறம் பழைய கையெழுத்து வாசிக்கப் பயிற்சி, கூடவே ஆய்வு முறை வகுப்புகள், அதுக்கப்புறம் தான் உன் பிஎச்டி திட்டம் என்னன்னு கேள்வி. கிட்டத்தட்ட ஒரு வருஷம் முழுக்க மொழிக்கும் கண்ணுக்கும் மட்டும். இப்ப இருக்கிற எந்த ஃபெல்லோஷிப்காரரையாவது கேளுங்க, ஒரு வருஷம் அவுட்புட் எதுவும் இல்லாம மொழி படிங்கன்னு சொல்ற தைரியம் இருக்கான்னு. இருக்காது, ஏன்னா வருஷ அறிக்கைல போட ஒன்னும் இருக்காதே.

அந்த ஒரு வருஷம் எதுக்குன்னு புரியணும்னா ஒரு பக்கத்த எடுத்து வெச்சுப் பார்க்கணும். நான் ஸ்கேன்ல பார்த்தது தான், நாகப்பட்டினத்துல இருந்து பட்டாவியாவுக்குப் போன ஒரு கடிதம். முதல் அரைப் பக்கம் மரியாதை மட்டும், மாண்புமிகு தாங்கள்ங்கிற மாதிரி வர்றத மூணு எழுத்தா சுருக்கி மேல ஒரு சுழி. முற்றுப்புள்ளி எங்கயும் கிடையாது, வாக்கியம் பக்கம் தாண்டி ஓடும் (நான் எழுதறது மாதிரின்னு என் தம்பி சொல்றான்). n, m, u மூணு எழுத்தும் வெறும் மேலயும் கீழயும் இழுத்த கோடு தான், எத்தன கோடுன்னு எண்ணிப் பார்த்துத் தான் சொல்லு என்னன்னு முடிவு பண்ணணும். வருஷம்ங்கிறதுக்கு டச்சுல இன்னைக்கு 'யார்'னு (jaar) சொல்றாங்க, அந்தக் காலத்து ஸ்பெல்லிங் வேற, அதே கிளார்க் அடுத்த வரில வேற மாதிரியும் எழுதுவான். பின்பக்கத்து மை ஊறி முன்பக்கத்துக்கு வந்து ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல படிக்கிற மாதிரி இருக்கும், சில இடத்துல மையில இருக்கிற இரும்பு காகிதத்தையே அரிச்சு எழுத்து இருந்த இடத்துல ஓட்டை. நாலு மணி நேரத்துல எனக்கு உருப்படியா கிடைச்சது பதினோரு வரி. அதுல ஒரு வரில 'தெவுவர்'னு வருது, கொஞ்ச நேரம் முழிச்சிட்டு இருந்தேன். தேவர். ராமநாதபுரம் சேதுபதிய அவங்க அப்படித் தான் எழுதினாங்க.

மூணு மாச ஃபெல்லோஷிப்புல போறவன் இந்தப் பதினோரு வரில எத்தன நாள் ஓட்ட முடியும்? அதனால என்ன ஆகுதுன்னா, அவன் ஏற்கனவே இங்கிலீஷ்ல மொழிபெயர்த்து வந்ததையே அங்க போயும் படிச்சிட்டு வர்றான். அத எழும்பூர்லயே உக்காந்து படிச்சிருக்கலாம்.

என்ன விளைஞ்சுது

புத்தகங்கள். லெய்டன் பதிப்பகமான பிரில் தனி வரிசையே போட்டுச்சு. லிஸ்ட் மாதிரி ஒப்பிக்கப் போறதில்ல, எனக்குப் பிடிச்சதுல நாலு மட்டும். ஹனோய்ல இருந்து வந்த ஹோவாங் ஆன் துவான், வியட்நாம் பட்டு ஜப்பான் வெள்ளியா மாறின கதைய 1637-ல இருந்து 1700 வரைக்கும் எழுதினார், பின்னாடி ஹனோய் சமூக அறிவியல், மானுடவியல் பல்கலைக்கழகத்துக்கே ரெக்டர் ஆனார். தாய்லாந்து பவன் ருவாங்சில்ப் அயுத்தயா அரசவைல டச்சு வியாபாரிகள் எப்படிக் காத்துக் கிடந்தாங்கன்னு எழுதினாங்க. ஜப்பான்காரர் ரியூதோ ஷிமாடா எடுத்துக்கிட்டது ஜப்பான் செம்பு. அந்த செம்பு எங்க எல்லாம் வித்துச்சுன்னு பார்த்தா இந்தியா முக்கியமான சந்தை, ஒரு உலோகத்தோட வாலப் பிடிச்சே ஆசியாக் கடல் முழுக்க சுத்தி வந்துடறார். ஐரோப்பா எங்கயோ ஓரத்துல, கணக்குப்பிள்ளையா நிக்குது. உலக வரலாறுன்னா எனக்கு இப்படித் தான் இருக்கணும்.

நாலாவது ஆள் கொழும்புப் பல்கலைக்கழகத்து நிர்மல் தேவசிறி. அவர் எடுத்தது 1740-ல இருந்து 1800 வரை மேற்கு இலங்கை விவசாயிகள், அதுக்கு மூலம் தோம்பு. யாழ்ப்பாணத்துப் பெரியவங்ககிட்ட தோம்புன்னா விளக்கவே வேணாம், காணியும் குடும்பமும் யார் யார் என்ன வரி என்ன ஊழியம்னு டச்சுக்காரங்க எழுதி வெச்ச பதிவேடு, வார்த்த மட்டும் போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போனது. கவர்னர் எழுதின கடிதத்த விட்டுட்டு வரிப் பதிவேட்டுக்குள்ள இறங்கி, எழுதப் படிக்கத் தெரியாத குடியானவன் கம்பெனிய எப்படி சமாளிச்சான்னு பார்க்கறது சின்ன வேல இல்ல. சிங்களம் தெரியணும், ஊரோட சாதி, சேவை முறை தெரியணும், டச்சும் தெரியணும். மூணும் ஒரே தலைல உக்காரணும்னு தான் இந்தத் திட்டமே.

தமிழ்ப் பக்கம் இதுக்கு என்ன அர்த்தம்னா, தேசவழமைய நினைச்சுப் பாருங்க. யாழ்ப்பாணத்துத் தமிழர் சொத்துரிமை வழக்கத்த 1707-ல டச்சுல தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ்ங்கிற டச்சு அதிகாரி, அப்புறம் அத தமிழாக்கி 12 முதலியார்கள் (சாதிப் பேர் இல்ல, உள்ளூர்த் தலைவர்களோட பதவிப் பேர்) பார்த்து சரின்னாங்க, இன்னைக்கும் அது சட்டம். சொன்னது தமிழ், எழுதினது டச்சு, சரிபார்த்தது தமிழ். நடுவுல என்ன விடுபட்டுச்சு, என்ன ஏறிச்சுன்னு பார்க்க ரெண்டு பக்கமும் தெரிஞ்ச ஆள் வேணும்ல. டச்சு அவ்ளோ தூரமும் இல்ல நமக்கு, துட்டுங்கிறோமே அது டச்சு, இலங்கைல ஆபீஸுக்கு கந்தோர், பீன்ஸுக்கு போஞ்சி, நோட்டரிக்கு நொத்தாரிசு, எல்லாம் டச்சு. கக்கூஸும் தான், அத விட்டா கோவிச்சுக்குவாங்க.

எங்க இடிச்சுது

இந்தியாவப் பத்தி அந்த வரிசைல வந்தது குலாம் நத்ரியோட குஜராத், அஞ்சனா சிங்கோட கொச்சி, பினு ஜான் மைலபரம்பிலோட கண்ணூர் அலி ராஜாக்கள். மேற்குக் கரை மூணு. நம்ம கிழக்குக் கரை? நாகப்பட்டினத்துப் பொட்டி பொட்டியா அங்க இருக்குது, ஆனா ஆள் போகணும்ல. எனக்குத் தெரிஞ்சு காரணம் திறமை இல்ல, நம்ம பக்கம் எம்ஏ வரலாறு படிக்கிற பையனுக்கு இப்படி ஒன்னு இருக்குங்கிற சேதியே வந்து சேராது, சேர்ந்தாலும் நாலஞ்சு வருஷம் டச்சு படிக்கிறேன்னு வீட்ல சொன்னா என்ன வேலை கிடைக்கும்னு கேப்பாங்க, அதுக்கு பதில் கிடையாது. ராமநாதபுரம், தஞ்சாவூர் அரசவைகள டச்சுக் காகிதம் வழியா விரிவாப் பார்த்தது கடைசில லெனர்ட் பெஸ்ங்கிற டச்சுக்காரர் தான், நல்ல வேலை, சந்தோஷம், கொஞ்சம் பொறாமையும்.

ரெண்டாவது இடி, திரும்பி வர்றது. ஹனோய், பாங்காக், கொழும்பு, யோக்யகர்த்தா ஆட்கள் ஊர் திரும்பி அங்க துறையவே தூக்கி நிறுத்தினாங்க. இந்தியாவுல இருந்து போன நத்ரி அமெரிக்கா அட்லாண்டாவுல, அஞ்சனா சிங் நெதர்லாந்துலயே குரோனிங்கன்ல வாத்தியாரானாங்க. அவங்கள ஒன்னும் சொல்றதுக்கில்ல. டச்சு தெரிஞ்ச வரலாற்றுக்காரருக்குன்னு ஒரு நாற்காலி நம்ம ஊர் பல்கலைக்கழகத்துல போட்டு வெச்சிருந்தா தானே வந்து உக்காரச் சொல்ல முடியும்.

மூணாவது பணம். இந்த மாதிரித் திட்டம் ஒரு நாட்டோட ஆண்டு விழா உற்சாகத்துல பொறக்கும், உற்சாகம் வடிஞ்சா நிதியும் வடியும். டானாப்புக்குப் பின்னாடி 2006-ல என்கம்பாஸ்னு இளங்கலை மாணவர்களையே கூட்டிட்டு வர்ற திட்டம் வந்துச்சு, அதுல இந்தோனேசியா பக்கம் கனம் அதிகம், அப்புறம் காஸ்மோபோலிஸ். பேரு மாறிக்கிட்டே இருந்துச்சு, சோழமண்டலத்துல இருந்து போறவன் எந்தக் கதவத் தட்டணும்ங்கிறதும் மாறிக்கிட்டே இருந்துச்சு.

மத்த மாதிரிகள் சும்மா ஒரு பார்வை

பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்துல 2009-ல தொடங்கின ரீவொர்க், உழைப்பும் வாழ்க்கைப் பாதையும் உலக வரலாற்றுக் கண்ணோட்டத்துலன்னு தலைப்பு, ஆண்ட்ரியாஸ் எக்கெர்ட் நடத்தினது, ஜெர்மன் அரசுப் பணம். பத்து மாசம் வரைக்கும், அக்டோபர்ல போய் ஜூலைல திரும்பினாங்க. அங்க மொழிப் பயிற்சி நோக்கமா இருக்கல, ஆப்பிரிக்க சுரங்கத் தொழிலாளியப் படிக்கிறவரையும் இந்திய ஆலைத் தொழிலாளியப் படிக்கிறவரையும் ஒரே மேசைல உக்கார வெச்சு, ரெண்டு பேர் கைல இருக்கிற 'உழைப்பு'ங்கிற சொல்லும் ஒன்னு தானான்னு சண்டை போட விட்டாங்க. இதுக்குப் பத்து மாசம் போதும், ஏன்னா மூலத்த எல்லாரும் கைல கொண்டு வந்துட்டாங்க. ம்யூனிக்ல 2021-ல வந்த குளோபல் டிஸ்கனெக்ட் இன்னும் கொஞ்சம் விவரம், எல்லாம் இணைஞ்சுடுச்சுன்னு பாடின பாட்டப் போதும்னு சொல்லி, எங்க அறுந்துச்சு, எங்க தடைபட்டுச்சுன்னு கேக்கறாங்க.

இங்க ஒரு சொந்தக் கதை. சில வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஐரோப்பிய ஊர்ல மூணு மாசம் எனக்கு இடம் கிடைச்சுது, எந்த ஊர்னு வேணாம். அழைப்புக் கடிதத்துல தேதி தப்பு, திருத்தி வாங்கி விசா வாங்கவே பதினெட்டு நாள் போச்சு, போன அப்புறம் முகவரிப் பதிவு இல்லாம பேங்க் கணக்கு இல்ல, கணக்கு இல்லாம உதவித்தொகை வராது, வாடகைக்கு வீடு கேட்டா பேங்க் கணக்கு எங்கம்பாங்க. உக்காந்து படிச்சது மொத்தம் முப்பத்தொன்பது நாள், எண்ணி வெச்சிருக்கேன். அங்க இருந்தவங்க எல்லாரும் தங்கமானவங்க, கிளம்பற அன்னைக்கு கேக் கூட வெட்டினாங்க. ஆனா ஆர்க்கைவ்ஸ்ல இருக்கிற அம்மா என் முகத்தப் பார்த்து இந்தக் கட்டு உங்களுக்கு உதவும்னு தானா எடுத்துக் கொடுத்தது கடைசி வாரத்துல தான்.

இப்ப நிலவரம்

சில வருஷமா ஆம்ஸ்டர்டாம் ஹைகன்ஸ் நிறுவனத்துல குளோபலைஸ்னு ஒரு வேலை நடக்குது. அந்த 'வந்து சேர்ந்த கடிதங்கள்' தொகுப்புல சுமார் 50 லட்சம் ஸ்கேன் பக்கத்த கம்ப்யூட்டரே கையெழுத்து வாசிச்சு எழுத்தா மாத்தித் தேடற மாதிரி இலவசமா போடறாங்க. வீட்டுல இருந்தே நாகப்பட்டினம்னு தேடலாம். தமிழ்ல தேட முடியாது, அவங்க எழுதின மாதிரி தேடணும், நெகபட்னம், நாகபட்னம், நாகபட்டாம்னு கிளார்க்குக்கு கிளார்க் ஸ்பெல்லிங் வேற. இதப் பார்த்துட்டு இனிமே ஃபெல்லோஷிப்பே வேணாம், வீட்லயே பண்ணிடலாம்னு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. ஹேக் போகாம பாதி வேலை ஆகும், ஒத்துக்கறேன். ஆனா மெஷின் எழுத்தத் தான் தரும், அர்த்தத்தத் தராது, தப்பா வாசிச்ச இடத்த தப்புன்னு கண்டுபிடிக்கவே டச்சு தெரியணும். அப்ப இனிமே யாராவது ஃபெல்லோஷிப் போடறதா இருந்தா டிக்கெட் காச அப்படியே மொழி வாத்தியாருக்குத் திருப்பிடலாம், சென்னைலயோ யாழ்ப்பாணத்துலயோ ஒரு வருஷம் வகுப்பு, அப்புறம் கடைசி மூணு மாசம் ஹேக், காகிதத்தத் தொட்டுப் பார்க்க, அந்த ஆர்க்கைவ்ஸ் அம்மா மாதிரி ஆளுங்களப் பார்க்க.

தெரிஞ்ச பையன் ஒருத்தன், வேளாங்கண்ணிப் பக்கம், எம்ஏ முடிச்சிட்டு கூரியர் ஆபீஸ்ல வேல பார்க்கிறான். போன்ல டச்சு ஆப் போட்டு ஏழு மாசமா படிக்கிறான், பேச வராது, எழுத்துக்கூட்டி வாசிப்பான். போன வாரம் ராத்திரி பதினொன்னரைக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினான், ஒரு வரிய சிவப்புல வட்டம் போட்டு, 'அண்ணே இது எங்க ஊர் வாய்க்கா பேரு மாதிரி இருக்கு, மெஷின் ஏதோ ஆள் பேருன்னு நினைச்சுக்கிச்சு.' பெரிசு பண்ணிப் பார்த்தேன். வாய்க்கால் தான்.